தளர்வு கொடுங்கள், தெருவுக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்

புதுச்சேரியில் கட்டட விதிகளுக்குத் தளர்வும் சிறப்பு அனுமதியும் கொடுக்கும் குழுவில் இருக்கிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

வணக்கம். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய தூரத்தில் எங்கள் வீடு. முன் அறையில் இரண்டு தையல் மிஷின், பின்னால் நாங்கள். மாடி இன்னும் இல்லை, அந்த மாடியால்தான் இந்த மடல்.

எங்கள் மனை முன்பக்கம் 22 அடி, பின்னால் போகப் போகக் குறுகி 14 அடி. தாத்தா காலத்தில் பங்கு பிரித்தபோது பழைய வாய்க்கால் ஓரமாகக் கோடு போட்டிருக்கிறார்கள், வாய்க்கால் போய்விட்டது, கோணல் மட்டும் எங்களுக்கு மிச்சம். மகளுக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையும் இங்கேயே இருக்கப்போகிறார் என்பதால் மேலே ஒரு அறை போட நினைத்தோம். அறை போடலாம், அதற்கு ஏறிப்போகப் படிக்கட்டு வேண்டுமே? வெளியே வைத்தால் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தில் இரண்டடி குறைகிறது, உள்ளே வைத்தால் அம்மா படுக்கிற அறை போய்விடும். அம்மாவுக்கு 81 வயது, பாத்ரூம் பக்கத்தில் இருக்கிற ஒரே அறை அதுதான். இன்ஜினியர் தம்பி நாலு விதமாக வரைந்து பார்த்துவிட்டு, தளர்வு கேட்பதைத் தவிர வழியில்லை அக்கா என்றார். கேட்டோம். மூன்று முறை கோப்பு திரும்பி வந்தது. முதல் முறை நகல் ஒன்று குறைவு என்று, இரண்டாம் முறை விதியில் இடமில்லை என்று, மூன்றாம் முறை காரணமே இல்லாமல் ஒரு முத்திரை மட்டும்.

விதி என்றால் விதி, சரி என்று நானும் பேசாமல் இருந்திருப்பேன். எதிர்வரிசையில் அந்தக் கட்டடம் எழும்பாமல் இருந்திருந்தால்.

வீடு கட்டுகிறோம் என்றுதான் பூஜை போட்டார்கள், எங்களுக்கும் கேசரி வந்தது. மூன்றாவது மாடி ஏறியதும் ஒவ்வொரு தளத்திலும் வரிசையாக பாத்ரூம் குழாய் இறங்குவதைப் பார்த்த எங்கள் தெரு பிளம்பர், இது வீடு இல்லை லாட்ஜ் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அப்படியேதான் ஆனது. கார் நிறுத்த என்று தூண் மேல் தூக்கிக் கட்டிய கீழ்த்தளத்தில் இப்போது ரிசப்ஷன், ஒரு மீன் தொட்டி, இரண்டு சோபா. சனி ஞாயிறு வந்தால் சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் எங்கள் வாசலில்தான் நிற்கின்றன, கரண்ட் போனால் ஜெனரேட்டர் அம்மாவின் ஜன்னலுக்கு நேராக உறுமுகிறது. பின்பக்கம் மண்ணாகக் கிடந்த இடத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மேனேஜர் பையனிடம் போய்க் கேட்டேன். "எல்லாத்துக்கும் ஸ்பெஷல் பர்மிஷன் வாங்கியாச்சு அக்கா" என்றான், மரியாதையாகத்தான்.

நம்பவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன், 30 நாளில் வர வேண்டிய பதில் 37ஆம் நாள் வந்தது. பையன் பொய் சொல்லவில்லை. குடியிருப்பு என்றிருந்ததைத் தங்கும் விடுதி ஆக்கிக்கொள்ளச் சிறப்பு அனுமதி ஒன்று, பின்பக்க இடைவெளிக்குத் தளர்வு ஒன்று, இரண்டும் முறையாகக் கையெழுத்தாகியிருந்தன. காரணம் என்று தேடினால் "மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு" என்று ஒரே வரி. அதற்கு முன்னும் ஒன்றுமில்லை, பின்னும் ஒன்றுமில்லை. என்ன கோரிக்கை, என்ன கஷ்டம், பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள், அவர்களை யாராவது கேட்டார்களா, எதுவும் இல்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒரு துண்டுக் காகிதம் வரவில்லை என்பதை வீடு வீடாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தளர்வே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நானே தளர்வு கேட்டு நிற்கிறவள். முன் அறையில் தையல் கடை வைத்திருக்கிறேனே, இதுவும் குடியிருப்புத் தெருதான். அதற்கும் ஒரு காகிதம் வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். ரெடிமேட் அளவு எல்லா உடம்புக்கும் பொருந்தாது. ஒரு தோள் இறங்கியிருக்கும், முதுகு வளைந்திருக்கும், அந்த உடம்புக்கு ஏற்றபடி ஓரிடத்தில் கூட்டி ஓரிடத்தில் குறைத்துத் தைப்பேன். மனையிலும் கோணல் உண்டு, பள்ளம் உண்டு, முட்டுச்சந்து உண்டு, அதற்குத்தான் தளர்வு. வந்தவர் பக்கத்து வாடிக்கையாளரின் துணியில் அரை மீட்டர் வெட்டி என் ஜாக்கெட்டில் சேர்த்துவிடு என்றால் செய்வேனா? பின்பக்க இடைவெளி அவர் மனையில் இருந்தாலும் அதன் காற்றும் வெளிச்சமும் பின்வீட்டுக்காரருக்கும் சேர்ந்தது. மழைத் தண்ணீர் இறங்குகிற இடமும் அதுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் நம் ஊர் பக்கம் கரை ஏறியபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு அந்தப் பின்பக்கத்து வீட்டில் தண்ணீர் கட்டில் உயரத்துக்கு நின்றது. அந்தக் கட்டடம் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஊரே மிதந்தது. ஆனால் இறங்குவதற்கு இருந்த கொஞ்சம் மண்ணையும் மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் தண்ணீர் என்ற சொல்லே இல்லை.

என் தங்கை மகள் நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளுக்குத் தபாலில் ஒரு அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பின்னால் ஒரு அறை சேர்க்கிறார், எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் சில அடி குறைகிறது, இன்ன தேதி மாலை விசாரணை, வரைபடம் பார்க்க இன்ன இடம் என்று. அந்த மாநிலச் சட்டப்படி மனையைச் சுற்றி 200 அடிக்குள் இருக்கிற சொத்துக்காரர்கள் அத்தனை பேருக்கும் விசாரணைக்குப் பத்து நாளாவது முன்னால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் குழு அந்த மனுவைக் கையில் எடுக்க முடியாதாம். கேட்கிறவர்தான் காரணத்தைக் காட்ட வேண்டும். கஷ்டத்தைக் காரணமாகச் சொன்னால் மனை குறுகல், ஆழம் போதாது, வடிவம் கோணல், மேடு பள்ளம் என்று பெரும்பாலும் நிலத்தில் இருக்கிற கஷ்டமாக அது இருக்க வேண்டும், அவராக இழுத்துவிட்டுக்கொண்ட கஷ்டம் கணக்கில் வராது. வீட்டுப் பகுதியில் அங்கே அனுமதியில்லாத தொழில் வைக்கக் கேட்டால் இன்னும் கெடுபிடி, ஏழு பேர் குழுவில் ஐந்து பேர் சம்மதிக்க வேண்டும். இவள் வேலை முடிந்து போய் உட்கார்ந்தாளாம். விளக்கு எங்கள் பக்கம் அடிக்கக் கூடாது என்று எழுந்து சொன்னாளாம், அதை நிபந்தனையாக எழுதி அனுமதி கொடுத்தார்களாம். பக்கத்து வீட்டுக்காரரோடு இப்போதும் பேச்சுவார்த்தை உண்டு.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஏழைகளுக்கான வீடு வரவிடாமல் தடுக்க, எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று சொல்கிற இதே மண்டல விதிகளை வைத்துக்கொண்ட ஊர்கள் அங்கே உண்டு, 1975இல் மவுன்ட் லாரல் என்ற ஊர் மேல் நடந்த வழக்கில் அந்த மாநில உச்ச நீதிமன்றமே அது தப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தாரைக் கேட்பது என்றால் அவர்கள் சொன்னதெல்லாம் சட்டம் என்று அர்த்தமில்லை. நாளைக்கு என் படிக்கட்டைப் பிடிக்காத யாரோ ஒருவர் வேண்டுமென்றே மறுத்தால்? அப்போதும் காரணத்தை எடைபோட்டுப் பார்க்கத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சட்டத்துக்கே வருகிறேன். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவைப் பாருங்கள். சலுகை, அனுமதி, உரிமம் யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்ற விவரத்தை யாரும் கேட்காமலேயே நீங்களாக வெளியிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் முடிவால் பாதிக்கப்படுகிறவர்களுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. நான் பத்து ரூபாய் கட்டி, 37 நாள் காத்திருந்து வாங்கிய காகிதம், உங்கள் வாசல் பலகையில் முதல் நாளே தொங்கியிருக்க வேண்டியது. அதைவிட வேடிக்கை, காரணம் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது, கொடுப்பதற்குத்தான் கோப்பில் காரணம் இல்லை.

கட்டி முடித்த பிறகு வந்து கட்டணம் கட்டி நேராக்கிக்கொள்கிற பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் ஒடிசா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்தது. தெரியாமல், நல்லெண்ணத்தோடு நடந்துபோன சின்ன மீறலுக்குத்தான் அந்த வழி, திட்டம் போட்டு மீறிய கட்டடக்காரருக்கு இல்லை என்று. 2024 டிசம்பரில் உத்தரப் பிரதேசத்து மீரட் ஊர் வழக்கில் அதே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. குடியிருப்பு மனையில் கடை கட்டிப் பல வருஷம் ஓட்டியவர்கள், இத்தனை காலம் ஆகிவிட்டதே என்று கேட்டார்கள், காலம் ஆனதால் தப்பு சரியாகிவிடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே தீர்ப்பில் நாடு முழுக்கப் பொருந்துகிற உத்தரவுகள் சில இருக்கின்றன. அனுமதி பெற்ற பிளானின் நகலைக் கட்டுமானம் நடக்கிற வரைக்கும் அந்த இடத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. எங்கள் வார்டில் இப்போது ஏழு இடத்தில் கட்டட வேலை நடக்கிறது, போன வாரம் சைக்கிளில் சுற்றிப் பார்த்தேன். கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் ஏழிலும் தொங்குகிறது. பிளான் ஒன்றில் இருந்தது, அதுவும் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தளர்வோ சிறப்பு அனுமதியோ கேட்டு மனு வந்தால் அந்தத் தெருவிலும் பின்தெருவிலும் இருக்கிறவர்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்புங்கள், தமிழில், எத்தனை அடி, எத்தனை அறை, எத்தனை கார் என்று புரிகிற மாதிரி. வாடகைக்கு இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஜெனரேட்டர் சத்தம் பத்திரம் பார்த்துவிட்டு வருவதில்லை. கொடுத்தாலும் மறுத்தாலும் இந்த மனையில் என்ன கஷ்டம் கண்டீர்கள் அல்லது காணவில்லை என்று நாலு வரி எழுதுங்கள். தங்கும் விடுதிக்கு என்றால் நிபந்தனை போடுங்கள், கார் எங்கே நிற்கும், ஜெனரேட்டர் எந்தப் பக்கம், குப்பை எத்தனை மணிக்கு என்று. போட்ட நிபந்தனையை ஒரு வருஷம் கழித்து ஒரு ஆள் வந்து பார்க்கட்டும். ரிசப்ஷனில் மீன் தொட்டி இருக்கிறது என்பதை எழுதிக்கொண்டு போகட்டும், வேறென்ன. சுற்றுலாவால் பிழைக்கிற ஊர் இது, எனக்கும் தெரியும், அந்த விடுதியில் தங்கிய பெங்களூர் பெண்கள் இரண்டு பேருக்கு நானே பிளவுஸ் தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

என் கோப்பு நாலாவது முறையாக வருகிறது. நீங்கள் செய்யாத வேலையை இந்த முறை நானே செய்துவிட்டேன். படிக்கட்டின் வரைபடத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சுற்றியுள்ள ஒன்பது வீட்டுக்கும் கொடுத்தேன். எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள், அதில் அந்த விடுதி மேனேஜரும் ஒருவர். கையெழுத்துப் போடாதவர் வலப்பக்கத்து வீட்டுப் பெரியவர். படிக்கட்டில் விழுகிற மழைத் தண்ணீர் தன் சுவரில் அடிக்கும் என்றார். இன்ஜினியரைக் கூட்டிப்போய்ப் பார்த்தேன், அவர் சொல்வது சரிதான். படிக்கு வெளிப்பக்கம் ஒன்பது அங்குலம் கைப்பிடிச் சுவரும், தண்ணீரைத் தெருப் பக்கம் இறக்க ஒரு குழாயும் சேர்த்துப் பிளானைத் திருத்தியிருக்கிறோம். திருத்திய பிறகும் அவர் கையெழுத்துப் போடவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் சொன்னதையும் நாங்கள் திருத்தியதையும் தனித்தாளில் எழுதி, கோப்பின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். முத்திரை குத்துவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தையல்காரி