சங்கிலியை மட்டும் மாற்றினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை பிறந்துவிட்டால் ஈரோடு, கொடுமுடி, கோபி வட்டாரங்களில் மஞ்சள் வெட்டு தொடங்கிவிடும். வேகவைத்து உலர்த்திய மஞ்சளை மெருகேற்றும் டிரம்களும் களங்களுக்கு வந்துவிடும். இவற்றில் பல, மோட்டாரின் வேகத்தைக் குறைத்துச் சங்கிலி வழியாகச் சுழல்பவை. வேலை மும்முரத்தில் டிரம் நின்றுபோனால், "செயின் நீண்டு போச்சுங்க" என்ற ஒற்றைக் காரணம் சொல்லப்படுகிறது. கடைக்கு ஆள் அனுப்பிப் புதுச் சங்கிலி வாங்கி மாட்டிவிடுகிறோம். அது சீக்கிரமே மீண்டும் பற்சக்கரத்தின் பல்லைத் தாண்டத் தொடங்கினால் சங்கிலி செய்தவரைத் திட்டுகிறோம். பெரும்பாலான இடங்களில் இது நியாயமற்றது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய உருளைச் சங்கிலியைத்தான் மிதிவண்டி முதல் மஞ்சள் டிரம் வரை இன்றும் பயன்படுத்துகிறோம். அதன் பக்கத் தகடுகள் இழுபட்டு நீள்வது மிகக் குறைவு. கண்ணி பற்சக்கரத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும், கண்ணிகளை இணைக்கும் 'பின்' என்ற சிறு தண்டு, அதைச் சூழ்ந்த 'புஷ்' என்ற குழலுக்குள் சிறிது திரும்புகிறது. அங்கே எண்ணெய் வறண்டு மஞ்சள் தூசி புகுந்தால் இரண்டும் தேய்கின்றன. கண்ணிக்குக் கண்ணி மயிரிழையளவு இடைவெளி கூடி, மொத்தத்தில் சங்கிலி நீண்டதுபோல் தெரிகிறது. கண்ணி ஒன்றுக்கு முக்கால் அங்குலமுள்ள சங்கிலியில் 16 கண்ணிகளைப் பின்னின் நடுவிலிருந்து பின்னின் நடு வரை, இறுக்கிப் பிடித்து அளந்தால் சரியாக 12 அங்குலம், அதாவது 304.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது 311-ஐத் தொட்டுவிட்டால் தேய்மானம் இரண்டு விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. மாற்றும் காலம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். இதற்கு ஓர் இரும்பு ஸ்கேல் போதும்.

நீண்ட சங்கிலி பல்லின் அடியில் உட்காராமல் மேலேறி ஓடுவதால் பல்லும் ஒருபக்கமாகத் தேய்ந்து கொக்கிபோல் வளைகிறது. அந்தப் பல்லில் புதுச் சங்கிலியை மாட்டினால் கண்ணியின் நீளமும் பல்லின் இடைவெளியும் பொருந்தாமல், சுமை முழுவதும் ஓரிரு பற்களின் மேல் விழுந்து, புதியதும் விரைவில் பழையதாகிவிடும். இருசக்கர வாகனத்துக்கு மெக்கானிக் சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் சேர்த்து 'செயின் கிட்' என்று மாற்றச் சொன்னால் மறுபேச்சின்றிச் சம்மதிக்கும் நாம், களத்து எந்திரத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது ஏனென்று எனக்குப் புரியவில்லை. அறுந்த சங்கிலியின் நடுவே நான்கு புதுக் கண்ணிகளைக் கோத்து ஒப்பேற்றுவதும் இதே வகைதான்.

பட்டறைக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சிறு சக்கரத்தில் 12 பல், பெரியதில் 48 பல் என்றால் வேகம் நான்கில் ஒரு பங்காகிறது. உராய்வில் போவது நீங்கலாகத் திருப்பு விசை நான்கு மடங்காகிறது. இந்த லாபத்தை ஒரே கட்டத்தில் இன்னும் கூட்ட நினைத்து, சிறு சக்கரத்தை ஒன்பது, பத்துப் பல்லுக்கு இறக்கிவிடுகிறார்கள். வட்டமாகத் தெரிந்தாலும் சங்கிலிக்கு அது பத்துப் பக்கமுள்ள பலகோணமே. சக்கரம் சீராகச் சுற்றினாலும் ஒவ்வொரு பல்லுக்கும் சங்கிலியின் வேகம் ஏறி இறங்கும். பத்துப் பல்லில் இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு, 17 பல்லில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த உதறலே பின்னையும் புஷ்ஷையும் தின்கிறது. எனவே 17 பல்லுக்குக் குறையாமல் வைத்து, மீதிக் குறைப்பை மோட்டார் பக்கத்து வி-பெல்ட்டுக்கு விடுவதே முறை. சங்கிலியில் கண்ணிகள் இரட்டைப் படையில் இருந்து, சக்கரத்தின் பற்கள் ஒற்றைப் படையில் இருந்தால் ஒரே கண்ணி ஒரே பல்லில் அடிக்கடி விழாமல் தேய்மானம் பரவும். கேஸ் கட்டிங்கில் சாதாரண இரும்புத் தகட்டை வெட்டிய பல்லுக்கும், கோவையில் ஈஎன் 8 என்ற நடுத்தரக் கரிம எஃகில் கடைந்து பல்லைக் கடினப்படுத்திய சக்கரத்துக்கும் விலை வித்தியாசம் உண்டு. ஆயுளில் அதைவிட அதிக வித்தியாசம் உண்டு.

மூடி இல்லாத சங்கிலியைப் பற்றி எழுதாமலிருக்க முடியவில்லை. ஓடும் எந்திர பாகங்களுக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. ஆனால் களங்களில், எண்ணெய் விட வசதி என்று மூடியைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருப்பதையே பார்க்கிறேன். டிரம்முக்கு மஞ்சள் அள்ளிப் போடும் பெண்களின் சேலைத் தலைப்பு இருக்கும் உயரத்தில்தான் சங்கிலி ஓடுகிறது. எண்ணெயை எந்திரம் நின்றபின், தொய்ந்த பக்கத்தில், உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே விட்டால்தான் அது பின்னைச் சென்றடையும். மேலே அப்பிய கிரீஸ் தூசியைச் சேர்க்க மட்டுமே உதவும்.

எந்திரத்தோடு தரும் கையேட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே சங்கிலியின் அளவு, கண்ணிகளின் எண்ணிக்கை, இரு சக்கரங்களின் பற்கள் ஆகியவற்றைப் பொறித்த சிறு தகடு ஒன்றை எந்திரத்தின் சட்டகத்திலேயே பட்டறைகள் அடித்துத் தர வேண்டும். கீல் போட்டுத் திறக்கும் மூடியும் வைத்துத் தர வேண்டும். வாடகைக்கு எந்திரம் விடும் வேளாண்மைப் பொறியியல் துறை, மார்கழியிலேயே தன் எந்திரங்களின் சங்கிலிகளை அளந்து பார்த்து, இவ்விரண்டும் உள்ள எந்திரங்களையே இனி வாங்குவது என்று முடிவெடுத்தால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.