கடலுக்குத்தான் போகிறது, எங்கள் வயல் வழியாக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைப் பற்றித் தங்கள் நெல்லைப் பதிப்பில் வந்த செய்தியின் கடைசிப் பத்தியில், பெயர் சொல்லாத அதிகாரி ஒருவர் "எப்படியும் எல்லாம் கடலுக்குத்தானே போகிறது" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதைவிட, மறுத்து ஒரு வரிகூட எழுதாமல் தாங்கள் செய்தியை அதோடு முடித்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். இந்த ஆறு தங்களுக்குத் தெரியாததா?

கடலுக்குப் போகிறது, சரி. எந்த வழியாக? நெல்லையின் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை தாண்டி, சீவலப்பேரியில் சிற்றாற்றைச் சேர்த்துக்கொண்டு, மருதூர் அணைக்கட்டில் மேலக்கால், கீழக்கால் என்று பிரிந்து எங்கள் வயலுக்குள் வருகிறது. மிச்சம் ஸ்ரீவைகுண்டம் போகிறது. ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கித் தூத்துக்குடி வரைக்கும் குடிதண்ணீர் கொண்டுபோகிறார்கள். இத்தனைக்கும் பிறகுதான் புன்னைக்காயலும் கடலும்.

நான் மேலக்கால் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவன். கோடையில் மேலிருந்து நல்ல தண்ணீர் குறைந்துவிட்டால், வாய்க்காலில் வருவது என்ன என்பதை வாடையே சொல்லிவிடும். அதில் இறங்கி வேலை பார்த்த பெண்கள் கணுக்கால் அரிப்போடு கரையேறியதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் கரும்பச்சையாகக் கிளம்பும். புதிதாகப் பார்க்கிறவர்கள் நல்ல விளைச்சல் என்று நினைப்பார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சிப்போய், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அத்தனையும் சாய்ந்துவிடும். வாய்க்காலை அடைத்துக்கொண்டு அமலைச்செடி (ஆகாயத்தாமரை) வளர்வதும் அந்தச் சத்தைத் தின்றுதான். அதை வாரிப்போடுகிற கூலி எங்கள் தலையில்.

இதை மனுவாக எழுதி ஓர் அலுவலகத்தில் கொடுத்தபோது, "நீங்கள் வேறு மாவட்டம், அங்கே போய்க் கொடுங்கள்" என்றார்கள். 1986-இல் நெல்லையிலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தைத்தான் பிரித்தார்கள் ஐயா, ஆற்றைப் பிரிக்கவில்லை. அதே 1986-இல்தான் தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அங்கே கடற்பசு மேய்கிற கடற்புல்லுக்கு வெயில் இறங்கும் தெளிந்த தண்ணீர் வேண்டும். கழிவின் சத்தால் பாசி பெருகினால் அந்த வெயில் அடிவரை இறங்காது. "கடலுக்குத்தானே" என்று சொன்னவர் இதையாவது யோசித்திருக்கலாம்.

சுத்திகரித்துத்தானே விடுகிறோம் என்பார்கள். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் ஐந்தில் நான்கு பங்கு சாக்கடையாகத் திரும்பும் என்பது அரசுப் பொறியாளர்களே போடுகிற கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 4.7 லட்சம். அப்படியானால் தினமும் சுமார் 5 கோடி லிட்டர். இதில் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போவது எவ்வளவு, ஓடை வழியாக நேரே ஆற்றில் இறங்குவது எவ்வளவு என்பதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நிலையத்துக்குள் போனாலும், கசடு அடியில் தங்கும், காற்றடித்து வளர்க்கிற நுண்ணுயிர்கள் அழுகலைத் தின்னும். அதோடு நிறுத்திக்கொண்டால் தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) பெரும்பகுதி தண்ணீரோடே வெளியே வந்துவிடும். ஐரோப்பாவில் இதற்கு 1991-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எளிதில் கெடக்கூடிய ஏரி, ஆறு, கழிமுகங்களைத் தனியாகக் குறித்து, அங்கே கழிவுநீர் விடுகிற ஊர்கள் இந்தச் சத்துகளையும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். லட்சம் பேருக்கு மேற்பட்ட ஊரானால் வெளியேறும் நீரில் மணிச்சத்து லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அல்லது வந்ததில் 80 விழுக்காட்டையாவது நீக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பொதிகையில் பிறந்து நம் சீமையிலேயே கடல் சேருகிற ஆற்றுக்கு அந்த மரியாதை கூடவா இல்லை?

2018-இல் ஆற்றில் நீராடும் புஷ்கர விழாவுக்குப் படித்துறை படித்துறையாகக் கழுவி விட்டார்கள். அந்த அக்கறை புஷ்கரத்தோடு போயிற்று. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றைப் பார்த்தார்கள். என் அம்மா இதே ஆற்றில் குடத்தை முக்கி எடுத்து, தண்ணீர் தெளியப் பானையில் தேத்தாங்கொட்டையை உரசி ஊற்றி வைப்பாள். அதைக் குடித்து வளர்ந்த நான் இன்று என் பேரப்பிள்ளைகளுக்குக் கேன் தண்ணீர் வாங்குகிறேன்.

தங்களிடம் கேட்பது பெரிதில்லை. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணையின் முழு உயரத்தோடு நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். காலையில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். அதன் கீழேயே, மாதம் ஒருமுறையாவது, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரின் பரிசோதனை அளவுகளைப் போடுங்கள். பி.ஓ.டி. (அழுகலைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு), தழைச்சத்து, மணிச்சத்து, மலக்கிருமி, இந்த நான்கு போதும். நான் கேட்டால் மாவட்டம் வேறு என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் குடிமக்கள் யார் கேட்டாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தாங்கள் கேட்டால் அப்படித் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மருதூர் மேலக்கால் பாசன விவசாயி ஒருவர்