கசகசா அளவு பூச்சி

நியூ லண்டன், கனெக்டிகட், அமெரிக்கா
நவம்பர் 3

அன்புள்ள அம்மா, அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. கவரில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துவிட்டுப் பிரிக்காமலே இரண்டு நாள் அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன். திட்டு இருக்கும் என்று தெரியும். இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு ஒரு வரி எழுதவில்லை, ஃபோனிலும் இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறேன் என்பதெல்லாம் உண்மைதான். அப்பாவுக்கு ஃபோனில் காது கேட்பதில்லை, அதனால் இதை எழுதியே சொல்கிறேன். சின்னக்கா படித்துக் காட்டட்டும். நடுவில் எதையும் முழுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலில் பூச்சி விஷயம். மாமா எப்படியோ கேள்விப்பட்டுச் சொல்லிவிட்டார். கடித்தது உண்மை. உண்ணிதான். நம் நாய் ராஜாவின் காதுக்குள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தச் சாதி. ஆனால் இது குட்டியாக இருக்கும்போது கசகசா அளவுதான். குருமாவுக்கு அரைக்கிற கசகசாவில் ஒன்றை எடுத்து எட்டுக் கால் வைத்தால் எப்படியோ அப்படி. ஜூன் மாதம் பீச்சுக்குப் போனபோது ஏறியிருக்க வேண்டும். மணலில் இருக்காது. மணலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும் புல்லும் புதருமாக இருக்கும், அங்கேதான் முன்னங்காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். பறக்காது, குதிக்காது. உரசிக்கொண்டு போகிறவனைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

வியாதிக்கு லைம் என்று பெயர். எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஊர்ப்பெயர். இங்கிருந்து காரில் அரை மணிதான். 1975-ல் அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் நிறையப் பிள்ளைகளுக்கு முட்டி வீங்கியது. மூட்டுவாதம் என்றார்கள் டாக்டர்கள். இத்தனூண்டு ஊரில் இத்தனை பிள்ளைகளுக்கா என்று பாலி மர்ரே என்கிற அம்மாவும் இன்னொரு அம்மாவும் விடாமல் கேட்டதால்தான் யேல் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். கிருமி இன்னது என்று தெரிந்ததே 1980-களில்தான்.

மூன்றாவது வீட்டு சாகரா ஊர்க்காரர், உண்ணி என்றாலே மங்கன காயிலே என்கிற குரங்குக் காய்ச்சல்தான் என்று அப்பாவைப் பயமுறுத்தியிருக்கிறார். அது 1957-ல் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டுபிடித்தது. வைரஸ், அதற்கென்று தனி மருந்து கிடையாது. இது பாக்டீரியா, மாத்திரைக்குக் கேட்கும். இந்த நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 4,76,000 பேர் இதற்கு வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அரசாங்கமே மதிப்புப் போட்டிருக்கிறது. நம் ஊர் டெங்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

எதிர் வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். எழுபது தாண்டியவர். பேண்ட் நுனியை வெள்ளை சாக்ஸுக்குள் செருகி, மேலே டேப் சுற்றிக்கொண்டுதான் தோட்டத்தில் இறங்குவார். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கழியில் வெள்ளை ஃபிளானல் துணியைக் கட்டி, நாயைக் கூட்டிப் போகிற மாதிரி புல்மேல் இழுத்துக்கொண்டு போவார். அப்புறம் துணியைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி எண்ணுவார். கிடைத்ததை செலோடேப்பில் ஒட்டி, காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே ஒட்டிவிடுவார். நாம் பால் கணக்குப் போடுகிற காலண்டர்தான் ஞாபகம் வந்தது. ஜூன் மாதத்தில் சில கட்டங்களில் தேதியே தெரியவில்லை. ஊரெல்லாம் மானைத் திட்டும், பாட்டி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். மான் பூச்சிக்குச் சோறு போடுகிறது, கிருமி கொடுப்பது கல்சுவரில் குடியிருக்கும் எலி என்பார். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

என் வியாதியைக் கண்டுபிடித்ததும் பாட்டிதான். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கிற படத்தில் ரோஜா நிறத் தோலில் சிவப்பு வட்டம், அதற்குள் ஒரு வட்டம், பளிச்சென்று இருக்கும். நம் தோலில் அப்படியா தெரியும்? முழங்காலுக்குப் பின்னால் கறுத்த தழும்பு மாதிரி இருந்தது. ஓட்டலில் குண்டான் இடித்ததாக்கும் என்று விட்டுவிட்டேன். அரைக்கால் சட்டையோடு குப்பை போட வந்தவனை நிறுத்தி, குனிந்து பார்த்து, இன்றே டாக்டரிடம் போ என்றார். டாக்ஸிசைக்ளின், 14 நாள். மாத்திரையோடு பால் தயிர் ஆகாது, வெயில் ஆகாது. இப்போது முட்டியில் ஒரு வலியும் இல்லை. பில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

உண்ணி ஒட்டியதும் கிருமி ஏறிவிடாது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான். அதனால் தினம் ராத்திரி உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும், இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். குளிர் வந்தால் தொல்லை விட்டது என்று நினைத்தேன். பெரிய உண்ணிகள் இப்போதுதான் கிளம்புகின்றன, உறையாத நாளெல்லாம் நடமாடும். வெளியே போட்ட துணியைத் துவைக்கும் முன் டிரையரில் சூட்டில் பத்து நிமிஷம் சுற்றினால் செத்துவிடும். அதற்குக் காசு போட வேண்டும் என்பதால் நான் வெளியே போகிற துணி என்று ஒரே ஒரு செட் வைத்திருக்கிறேன்.

போன வாரம் பாட்டி தோட்டத்துச் சருகு வாரிக் கொடுத்தேன். முடிந்ததும் வாசற்படியில் உட்காரவைத்து, டார்ச் அடித்து, காதுக்குப் பின்னால், பிடரி, உச்சி என்று முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு என்ன ஆனதோ, அம்மா, கண் நிறைந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் திண்ணையில் அக்காவுக்கு நீ பேன் பார்ப்பாயே, எனக்கும் பார் என்று தலையை நீட்டுவேன். மொட்டைத் தலையில் என்னடா பேன் என்பாய், ஆனாலும் பார்ப்பாய். இங்கே வந்த இரண்டரை வருஷத்தில் என் தலையில் கை வைத்தது முடி வெட்டுகிறவர் ஒருவர்தான். இப்போது மெஷின் வாங்கி நானே வெட்டிக்கொள்கிறேன், அதுதான் சௌகரியம். பாட்டி பூச்சி இல்லை என்று சொல்லி, ஒரு கிண்ணம் சிப்பிக் கஞ்சி கொடுத்தார். பாலும் உருளைக்கிழங்குமாக இருந்தது. மிளகுப்பொடி போட்டுச் சாப்பிட்டேன்.

சரி, வீட்டு விஷயம். அப்பாவின் கண் ஆபரேஷனைத் தை மாதத்துக்குத் தள்ள வேண்டாம். மாமாவைக் கூட்டிக்கொண்டு இந்த மாதமே போங்கள். அந்தப் பணத்தைத் தனியாக அனுப்புகிறேன். சீட்டுக்காரரிடம் மட்டும் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். கடலோர ஊர், சீசன் முடிந்ததும் ஓட்டலில் கூட்டம் குறைவு, வாரத்துக்கு நாலு நாள் வேலை. நல்ல ஓய்வு. வாணியம்பாடிப் பையனைப் பற்றி அக்கா என்ன சொல்கிறாள் என்று அப்பா எழுதவே இல்லை. அவளையே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், நீங்கள் யாரும் படிக்காமல். பூப்பல்லக்குத் திருவிழாவுக்கு வருவேன் என்று இப்போதே யாரிடமும் சொல்ல வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம்.

மாமா பையன் டிசம்பரில் நியூயார்க் வருகிறானாம். அவனிடம் ரசப்பொடி, அப்புறம் பஜார் தெருவில் மரத்தில் பேன்சீப்பு கிடைத்தால் இரண்டு கொடுத்தனுப்புங்கள். ஒன்று பாட்டிக்கு.

உங்கள்,
சின்னவன்

பி.கு. கே.ஆர்.புரம் சைட்டை விற்றுவிடலாம் என்று சித்தப்பா பேப்பரோடு வந்தால் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம். முழு அங்கீகாரம் இல்லாத பி காத்தா மனையை வைத்துக்கொண்டு அவசரப்பட்டால் பாதி விலைதான் வரும். காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், மற்றதை நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன்.