மணிக்கட்டில் ஒட்டிய பிளாஸ்திரி

போன மாதம் தான்சானியாவில், கெய்ட்டாவிலிருந்து முவான்சாவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போனேன். புசிசியில் வண்டி நிற்கவே இல்லை. 2025 ஜூனில் திறந்த புதுப் பாலத்தில் ஏறி, விக்டோரியா ஏரியின் அந்த நீட்டத்தை நாலைந்து நிமிடத்தில் தாண்டி, கிகோங்கோ பக்கம் இறங்கிவிட்டோம். மொத்தமே மூன்று கிலோமீட்டர். டிரைவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்துக்கொண்டது. இதே தண்ணீரை 2023 ஜூனில் ஃபெர்ரியில் தாண்டியிருக்கிறேன், மலேரியா முற்றி, பிக்கப் வண்டியின் பின் சீட்டில் சுருண்டு படுத்தபடி. தாண்டினேன் என்பதே பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

அப்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம். சீசன் வேலை, ஊருக்குப் போனது, வந்தது என்று தள்ளிப்போய்விட்டது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவர் சுவாஹிலியில் படித்துக் காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆகவே, தம்பி, என்னைப் பற்றிக் கேலியாக எழுதியிருக்கும் இடங்களையும் விடாமல் படி.

நான் ராஜபாளையத்துக்காரன். கெய்ட்டா பக்கம், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். ஊருக்கு லீவில் போய்த் திரும்பி இரண்டு வாரம் இருக்கும், காய்ச்சல் வந்தது. பருத்தி வரத்து தொடங்கிய நேரம். ரோலர் மாற்றுகிறோம், பிரஸ் சரிபார்க்கிறோம் என்று இரவு இரண்டு மணி வரை திறந்த வெளியில் நின்றிருக்கிறேன். கொசுவலைக்குள் படுத்தேனே என்று கேட்டால், படுத்தேன், இரண்டு மணிக்கு மேல்.

தினமும் காய்ச்சல் அடித்ததால் அது மலேரியா இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நம் ஊரில் அதிகம் பார்த்த வைவாக்ஸ் மலேரியா, குளிர் நடுக்கத்தோடு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். சின்ன வயதில் வீட்டில் பார்த்த கணக்கு அது. இங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை. அதற்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. டவுனில் ஒரு கிளினிக்கில் போய், "வலைக்குள்தான் படுக்கிறேன், சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நானே வியாதியையும் சொல்லிக் கொடுத்தேன். டைபாய்டுக்குப் பார்க்கும் வைடால் டெஸ்ட் எடுத்தார்கள், டைபாய்டு என்றார்கள், டிரிப் ஏற்றினார்கள். பழைய தொற்றுக்கும் அந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும் என்பது இப்போது தெரியும். இரண்டு நாள் போயிற்று. ஒரு விரல் குத்தி மலேரியா பார்த்திருக்கலாம் என்று அவர்கள் மேல் வருத்தம் உண்டு. அதைவிடப் பெரிய வருத்தம் என் வாய் மேல்.

ஐந்தாம் நாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. அதுவும் கொஞ்சம்தான். கண் மஞ்சள். மில்லில் எடை போடும் பெண்மணியிடம் போய், லாரி வந்துவிட்டதா என்று தமிழில் கேட்டேனாம். அவர்தான் முதலில் கத்தியவர். அவருக்கு முதல் நன்றி. லோடுமேன்கள் நாலு பேர் தூக்கி வண்டியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்த கிளினிக்கல் ஆபீசருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயதுதான் இருக்குமாம். இந்த நாட்டில் கிளினிக்கல் ஆபீசர் என்றால் மூன்று ஆண்டு டிப்ளமா படித்து, டாக்டர் வேலையில் பெரும்பகுதியைப் பார்ப்பவர். மக்கள் "டாக்டாரி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா ஊசிக்கு ஏற்பாடு செய்தார். அது தூளாக வரும், அறுபது மில்லிகிராம் குப்பி. முதலில் பைகார்பனேட் நீரை விட்டுக் குலுக்க வேண்டும், தெளிந்த பிறகு சலைன் சேர்க்க வேண்டும். தெளியும்வரை அவர் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி நின்றதை, கூட வந்த தம்பி திரும்பத் திரும்பச் சொல்வான். கிட்னி தடுமாறுகிறது, டயாலிசிஸ் தேவைப்படலாம், முவான்சாவுக்குப் போங்கள் என்று ரெஃபரல் எழுதிக் கொடுத்தார். கொடுத்தவர் அதோடு விடவில்லை. ஒரு துண்டு பிளாஸ்திரியைக் கிழித்து, மருந்தின் பெயர், முதல் டோஸ், என் எடை 62, நேரம் 16:10 என்று பேனாவால் அழுத்தி எழுதி, என் இடது மணிக்கட்டில் ஒட்டினார். தம்பி அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புசிசி ஃபெர்ரித் துறையில் இருட்டிவிட்டதாம். லாரியும் பஸ்ஸுமாக நீண்ட வரிசை. எங்கள் வண்டி ஆம்புலன்ஸ் இல்லை, சைரன் இல்லை. டிரைவர் இறங்கி "ம்கோன்ஜ்வா, ம்கோன்ஜ்வா" (நோயாளி, நோயாளி) என்று கத்திக்கொண்டே முன்னால் ஓடியிருக்கிறார். ஒரு பஸ் டிரைவர் தன் வண்டியைப் பின்னால் எடுத்து வழி விட, அவரைப் பார்த்து லாரிகளும் ஒதுங்கியிருக்கின்றன. யாரோ ஒரு அம்மா தன் கங்காவை (இங்கே பெண்கள் சுற்றிக்கொள்ளும் துணி) ஏரித் தண்ணீரில் நனைத்து என் நெற்றியில் போட்டாராம். "போலே, போலே சானா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். கஷ்டப்படுகிறவரைப் பார்த்துச் சொல்லும் ஆறுதல் வார்த்தை அது. இந்த ஊரில் கல் தடுக்கி விழுந்தாலும் சொல்வார்கள், தாய் இறந்தாலும் சொல்வார்கள். பஸ் டிரைவரும் அந்த அம்மாவும் யார் என்று இன்றுவரை தெரியாது.

அந்தத் தள்ளுமுள்ளில்தான் ரெஃபரல் கடிதம் காணாமல் போனது.

இரவு ஒன்பது மணிக்கு முவான்சா, குன்றின் மேல் இருக்கும் ஆஸ்பத்திரி. முதல் ஊசி எப்போது போட்டது என்று டாக்டர் கேட்டிருக்கிறார். தம்பி இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. வழியில் டிரைவர் "சா கூமி" என்று சொன்னதை வைத்து, "பத்து மணிக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். கூமி என்றால் பத்துதான், தப்பில்லை. ஆனால் சுவாஹிலிக் கடிகாரம் நம் நாழிகைக் கணக்கு மாதிரி சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணும். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. சாயங்காலம் நாலுதான் பத்து. ஆர்ட்டிசுனேட் முதல் டோஸுக்குப் பிறகு பன்னிரண்டாம் மணி, இருபத்து நாலாம் மணி என்று போக வேண்டிய மருந்து. காலை பத்து என்று எடுத்துக்கொண்டு இரவு பத்துக்கே அடுத்த ஊசியைப் போட இருந்தார்கள். பிரஷர் பார்க்கக் கையைத் திருப்பிய நர்ஸ்தான் பிளாஸ்திரியைப் பார்த்தார். விடிகாலை 4:10க்கு இரண்டாவது ஊசி போட்டார்கள்.

முன்னாடியே போட்டிருந்தாலும் உயிர் போயிருக்காது என்று பிறகு டாக்டர் சிரித்தார். சரி, இருக்கட்டும். எந்த மருந்து, எப்போது என்று சொல்ல அந்த இரவில் என் உடம்பில் இருந்த ஒரே காகிதம் அது. ஒட்டியவருக்கும், கையைத் திருப்பியவருக்கும் நான் என்ன கைம்மாறு செய்ய?

டயாலிசிஸ் இரண்டு தடவை. நான்காம் நாள் நினைவு தெளிவாக வந்தது. மில்லில் எல்லாரும் மலேரியாவைச் சளி மாதிரி எடுத்துக்கொள்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். சிறு வயதிலிருந்து திரும்பத் திரும்ப வந்து அவர்கள் உடம்புக்கு ஓரளவு பழகியிருக்கிறது, உனக்கு வயது 46 ஆனாலும் இந்த விஷயத்தில் நீ கைக்குழந்தை என்றார். அடிக்கடி ஊருக்குப் போய்வருகிற நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு வெளியிலிருந்துதான். எதிரே கடை போட்டிருக்கும் அம்மா ஒருவர் தினமும் காலையில் சிவப்புப் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவருவார். "ஊஜி வா உலேசி" என்றார். ஒரு வாய் குடித்தேன். கேழ்வரகுக் கூழ்! உலேசி என்றால் கேழ்வரகு. பாட்டி வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் சீனி போட்டு எலுமிச்சம்பழமும் பிழிந்திருந்தார். வீட்டுக்காரியிடம் போனில், "மாமா கூழ் கொண்டுவந்தாங்க" என்றேன். "எந்த மாமா? நம்ம பெரிய மாமாவா அங்க வந்திருக்காரு?" என்று பதறிவிட்டாள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா என்று புரியவைப்பதற்குள் பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

மில் ஆட்கள் எம்பெசாவில் (போனிலேயே பணம் அனுப்பும் வசதி) மிச்சாங்கோ பிரித்தார்கள். மொய் மாதிரித்தான், நோட்டுப் போட்டு எழுதுவார்கள். ஆளுக்கு இரண்டாயிரம், ஐந்தாயிரம் ஷில்லிங். வார முடிவில் கூலி வாங்குகிறவர்கள். அந்தப் பட்டியலைத் தம்பி போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். எல்லார் வீட்டு விசேஷத்துக்கும் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஏழு பேர் பாக்கி. வாட்ஸாப்பில் பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்ன உறவினர்களுக்கும் நன்றி. குடிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரை கொடுத்தார்கள், ஆர்ட்டிமெத்தரும் லூமிஃபான்ட்ரினும் சேர்ந்தது, வேளைக்கு நாலு, மூன்று நாளில் 24. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால்தான் உடம்பில் சேரும் என்று வார்டு நர்ஸ் பால் பாக்கெட்டைக் கையில் திணித்தார். நாலு வாரம் வாரா வாரம் வந்து ரத்தம் பார்க்க வேண்டும், இந்த ஊசிக்குப் பிறகு சிலருக்குச் சிவப்பணு தாமதமாக உடையும் என்றும் சொன்னார். முதல் வாரம் போகவில்லை. வேலை. அவர் மூன்று தடவை போன் செய்தார். மூன்றாவது போனில் திட்டினார். போய்ப் பார்த்தால் ஹீமோகுளோபின் 6.2. நான் வெறும் அசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லோடுமேன்கள் ஐந்து பேர் ரத்தம் கொடுக்க வந்தார்கள், அதில் மூன்று பேரிடம் எடுத்தார்கள். மறுபடியும் அதே வார்டு, அதே கட்டில், அதே பிளாஸ்க்.

பிளாஸ்திரி பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. மை மங்கிவிட்டது, 16 மட்டும் தெரிகிறது.

மாமா, அந்தச் சிவப்புப் பிளாஸ்கின் மூடி இரண்டு வருஷத்துக்கும் மேலாக என் பெட்டியில்தான் கிடக்கிறது. போன மாதம் வந்தபோது எடுத்துவர மறந்துவிட்டேன். அடுத்த தடவை கட்டாயம் கொண்டுவருகிறேன். கூழ் காய்ச்சி வையுங்கள், எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டாம்.