முக்காலியை உள்ளே விடுங்கள்

கோலாலம்பூரின் பொதுச் சிலைகளையும் நினைவுச் சின்னங்களையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நடந்ததை நாங்கள் விளக்க வேண்டியதில்லை; புகார்க் கடிதம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுத்தவர்களை விட்டுவிட்டு, கேமராவை நிறுத்த முக்காலி (டிரைபாட்) விரித்தவரை மட்டும் பாதுகாவலர் வெளியேற்றினார். முக்காலி என்றால் வியாபாரமாம். பெர்மிட் எங்கே வாங்குவது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

முக்காலி ஆடம்பரமல்ல. உச்சி வெயிலில் வெண்கலச் சிலையின் கண்குழி கறுத்துவிடும். பின்னால் வானம் வெளுத்து, முகம் வெறும் நிழலாக நிற்கும். அதனால்தான் விடியற்காலையில் வருகிறோம். அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8 வைத்தால், ஒளியை உள்ளே விடும் ஷட்டர் அரை விநாடிக்கும் ஒரு விநாடிக்கும் இடையே திறந்திருக்கும். எந்தக் கையும் அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்காது.

கல்வெட்டு இதைவிடப் பெரிய பாடு. தேய்ந்த எழுத்தை நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்தால் பள்ளத்தின் நிழல் அழிந்து, பலகை மொட்டையாகத் தெரியும். டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போல், பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில், பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். இடம், வலம், மேல், கீழ் என நான்கு படம். நான்கையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டுமானால் கேமரா மயிரிழைகூட நகரக் கூடாது. தமிழ் எழுத்தென்றால் இன்னும் கவனம் வேண்டும்: புள்ளி தேய்ந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும், ஒரு பெயரே மாறிப்போகும். முக்காலி இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்கிறார்கள். தூள் கல்லின் துளைகளுக்குள் இறங்கினால் எளிதில் போகாது. கல்லைக் காப்பாற்றவாவது முக்காலியை அனுமதியுங்கள்.

சட்டமும் தடையில்லை. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13(2) பிரிவு, பொதுமக்கள் காணும் இடத்தில் நிரந்தரமாக நிற்கும் கலைப்படைப்பைப் படியெடுக்கவும் பரப்பவும் இடம் தருகிறது. 1966இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தை வடித்த ஃபெலிக்ஸ் டி வெல்டன் 2003இல்தான் மறைந்தார். பதிப்புரிமை படைத்தவர் மறைந்த பின்னும் பல்லாண்டு நீடிப்பதால், இந்தப் பிரிவு இல்லாவிட்டால் அந்த 15 மீட்டர் வெண்கலத்தைப் படமெடுத்து வெளியிட இன்னும் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

வியாபாரம்தான் கவலையென்றால், ஒளியைத் திருப்பும் வெள்ளிநிறப் பலகை பிடித்துப் புடவைக்கு வெளிச்சம் அடிக்கும் திருமணப் படக் குழுக்கள் எப்படிக் கண்ணில் படாமல் போகின்றன? அவர்களிடம் முக்காலி இல்லையே, அதனாலோ! இரவில் சிலைமேல் பாய்ச்சும் பச்சை விளக்கையும் சொல்லத்தான் வேண்டும். வெண்கலத்தில் படிந்த பச்சைக் களிம்பு எது, விளக்கின் நிறம் எது என்று பராமரிக்கும் உங்களுக்காவது தெரிகிறதா? கல்வெட்டுப் பலகைகளில் கொடையாளர் பெயர் இருக்கிறது, திறந்துவைத்தவர் பெயர் இருக்கிறது. பல இடங்களில் சிற்பியின் பெயர்தான் இல்லை.

பொறுத்தருளுங்கள், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. கேட்பது இவ்வளவுதான்: ரப்பர் அடி பொருத்திய முக்காலி, ஒரு சதுர மீட்டர் இடம், காலை எட்டு மணிக்கு முன் முப்பது நிமிடம். படிக்கட்டிலும் பீடத்திலும் கால் ஊன்ற மாட்டோம். ‘வியாபார நோக்கமற்ற படப்பிடிப்புக்கு முக்காலி அனுமதி உண்டு’ என்ற ஒரு வரியை அறிவிப்புப் பலகையில் சேர்த்து, பாதுகாவலர்களுக்கும் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சிலைகளையும் கல்வெட்டுகளையும் படமெடுத்து ஆவணப்படுத்துவோர்