அரபு மக்கள் மீது பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு வெளியான, அரபு நாடுகளில் ஆட்சியாளர்களுக்கு எதிராக எழுந்த மக்கள் எழுச்சியான அரபு வசந்தம் பற்றிய முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். சிரியா, லிபியா, யேமன் என்று அழிவுகளை அடுக்கிவிட்டு, அந்த மக்களுக்கு மக்களாட்சி ஒத்துவராது, இரும்புக் கரம்தான் சரி என்று கட்டுரையாளர் தீர்ப்பெழுதிவிட்டார். இதே வசனத்தை எங்களைப் பற்றியும் பிறர் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் படிப்பித்த காலத்தில் தேர்தல் வந்தால் எனக்கும் ஒரு வாக்களிப்பு நிலையம் வந்துவிடும். விடியற்காலையில் பெட்டியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கட்சி முகவர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் முத்திரை வைப்போம். எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பக்கம் ஒரு முகவர் எட்டிப் பார்த்தது போதாதென்று கையையும் உள்ளே விட்டுத் துழாவினார். எனக்குக் கோபம் வரவில்லை. சந்தேகப்படுவதுதானே அவருடைய வேலை. அந்தப் பழக்கமோ என்னவோ, எந்த நாட்டுத் தேர்தல் செய்தியானாலும் வென்றவர் யார் என்பதற்கு முன்னால் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்று தேடுவேன்.

துனீசியாவை எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பர் 17 அன்று சிடி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டி வியாபாரி முகமது பூஅசீசி தனக்குத் தானே தீ மூட்டிக்கொண்டார். அதனால் மூண்ட போராட்டத்தில் ஒரு மாதத்துக்குள், 23 ஆண்டுகள் ஆண்ட ஜனாதிபதி பென் அலி சவூதிக்கு ஓடினார். கட்டுரையாளர் அத்துடன் துனீசியாவை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நடந்ததல்லவா பேசவேண்டியது? 2011 ஒக்டோபரில் அந்த மக்கள் வரிசையில் காத்து நின்று வாக்களித்து, மை பூசிய விரலைத் தூக்கிக் காட்டினார்கள். 2013இல் எதிரணி அரசியல்வாதிகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டு நாடு கொந்தளித்தபோது தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் சட்டத்தரணிகளும் மனித உரிமைக் கழகமும் நடுவில் நின்று பேசின. தேர்தலில் முதலிடம் பெற்ற அந்நஹ்தா கட்சி ஆட்சியை விட்டு இறங்கியது. 2014 ஜனவரியில் புதிய அரசியலமைப்பும் நிறைவேறியது. அந்த நான்கு அமைப்புகளுக்கும் 2015இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. பேசித் தீர்த்து ஆட்சியை விட்டு இறங்கிய கட்சி நம் இலங்கையில் எது என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

பிறகு எங்கே பிசகியது? வேலையில்லாத இளைஞர்களுக்கு வேலை வரவில்லை. பாராளுமன்றத்தில் கைகலப்பு வந்தது. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று யார் கண்ணையும் உறுத்தாமல் கிடந்தது. புதிய அரசியலமைப்பு ஓர் அரசியலமைப்பு நீதிமன்றத்தை அமைக்கச் சொன்னது. நீதிபதிகள் யார் என்பதில் கட்சிகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, அது அமைக்கப்படவே இல்லை. 2021 ஜூலை 25 இரவு ஜனாதிபதி கைஸ் சயீத் பாராளுமன்றத்தை முடக்கியபோது, இது செல்லுமா செல்லாதா என்று சொல்ல ஒரு மன்றம் இல்லை. தெருவில் மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரத்தைப் பழிக்க எனக்கு வாய் வராது. வயிறு காய்ந்தவனுக்குச் சட்டப்பிரிவு தெரியாது. அடுத்த ஆண்டு சர்வசன வாக்கெடுப்புக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். டிசம்பரில் பாராளுமன்றத் தேர்தலுக்கு 11 சதவீதம். 2024இல் சயீத் 90 சதவீத வாக்குகளோடு வென்றார், ஆனால் பத்துப் பேரில் ஏழு பேர் வாக்களிக்கப் போகவே இல்லை. அங்குள்ள அலுவலர்கள் நாள் முழுதும் வெறும் வாங்குகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள்.

எகிப்தின் கதை வேறு. அங்கே ஜனாதிபதி முபாரக் போனார், இராணுவம் போகவில்லை. 2012 ஜனாதிபதித் தேர்தலில் 51 சதவீதத்துக்குச் சற்று மேல் பெற்று வென்ற முர்சி, அதே ஆண்டு நவம்பரில் தன் ஆணைகளை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்று அறிவித்துத் தன் காலில் தானே வெட்டிக்கொண்டார். 2013 ஜூலையில் இராணுவம் அவரை இறக்கியது. ஆகஸ்டில் கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் அவருடைய ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கானோர் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், அவரை இறக்கிய இராணுவத் தளபதி சிசிக்கு 97 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்ததும் மூதூர் முகவர்தான் நினைவுக்கு வந்தார். அவரைப் போன்றவர்களைச் சிறையில் வைத்துவிட்டால் எந்த எண்ணும் வரும்.

இது நமக்குத் தூரத்துக் கதையுமல்ல. 2022 மே மாதத்தில், பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ச எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அதன் வாயிலில் கூட்டம் கூடியது. ஜூலையில் ஜனாதிபதியும் நாட்டை விட்டுப் போனார். அதன்பின் 2023 மார்ச் 9 என்று குறித்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2024 ஆகஸ்ட் ஆனது. தேர்தல் நடக்க 2025 மே ஆனது. கிழக்கு மாகாண சபையின் நிலை இன்னும் மோசம். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. ஆளுநர்கள் வருகிறார்கள், போகிறார்கள். தேர்தல் மட்டும் வரவில்லை. புதிய தேர்தல் முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையைச் சட்டம் மாற்றிவிட்டது, புதிய முறையும் வரவில்லை. துனீசியாவின் நீதிமன்றத்துக்கு நேர்ந்ததும் இதுதான். "சபை இருந்தபோது மட்டும் என்னத்தைக் கண்டோம், ரீச்சர்?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்கிறார். துனிஸ் நகரத்தில் 2021 ஜூலையில் கைதட்டியவர்களும் தங்கள் பாராளுமன்றத்தைப் பற்றி அப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

அரபு மக்களின் தகுதியை அளக்க ஒரு முழுப்பக்கம் தந்தீர்கள். எங்கள் மாவட்டத்துக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் நால்வர் இருக்கிறார்கள். மாகாண சபைத் தேர்தலுக்குத் தடையாக நிற்கும் சட்டத்தைத் திருத்த இதுவரை என்ன செய்தீர்கள் என்று நால்வரிடமும் கேட்டு, பதில்களைப் பெயரோடு அச்சிடுங்கள். பதில் தராதவரின் பெயருக்குக் கீழே இடத்தை வெறுமையாக விடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.