கேட்டில் நிற்பவரையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பாதுகாப்பு என்று பேச்சு எடுத்தாலே கேமரா, செயலி, தானாகத் தூக்கும் தடுப்புக் கம்பி என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். கேட்டில் நிற்கிற ஆளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் உள்ள குடியிருப்பு எங்களுடையது. யார் வந்தாலும் வாட்ச்மேன் தன் போனில் பெயரையும் வீட்டு எண்ணையும் தட்டுவார், நமக்கு அறிவிப்பு வரும், நாம் அனுமதி கொடுத்தால் உள்ளே விடுவார். நல்ல ஏற்பாடுதான். பழைய நோட்டில் யாரும் எந்தப் பெயரையும் கிறுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடும் மளிகையும் கொண்டுவரும் பையன்கள் பைக்கோடு வரிசையாக நிற்க, பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, ஒற்றை ஆள் எத்தனை பேரின் முகத்தைப் பார்த்து விசாரிக்க முடியும்? வீட்டில் இருக்கிற நாமும் திரையைப் பார்க்காமலே அனுமதி கொடுத்துவிடுகிறோம். காரில் வருபவர் தலையை ஆட்டினால் போதும், கம்பி தூக்கிவிடும். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவோ போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

அந்த வாட்ச்மேனுக்கு வேலை நேரம் பன்னிரண்டு மணி. மாற்று ஆள் வராவிட்டால் அடுத்த ஷிஃப்டும் அவரே. இரவு மூன்று மணிக்கு அவர் கண் அயர்ந்தால் உடனே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், எட்டு மணி நேர ஷிஃப்டாக்கி மூன்று பேர் போடலாமே என்றால் பராமரிப்புக் கட்டணம் கூடும் என்று அதே ஆட்கள் தடுக்கிறார்கள்.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கென்று 2005லேயே சட்டம் வந்துவிட்டது. நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், காவலருக்குப் பயிற்சி வேண்டும், போட்டோ ஒட்டிய அடையாள அட்டை வேண்டும். ஒப்பந்தம் போடும்போது எத்தனை குடியிருப்போர் சங்கங்கள் அந்த உரிமத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன? எவன் குறைந்த விலை சொல்கிறான் என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் வருகிறவருக்குத் தீயணைப்பான் எப்படி இயக்குவது என்றுகூடத் தெரியாது. 108 ஆம்புலன்ஸ் வந்து நின்றால் அதற்கும் வீட்டுக்காரரின் அனுமதிக்குக் காத்திருப்பார், ஏனென்றால் அவருக்கு யாரும் வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் கேள்வியே இல்லாமல் கேட்டைத் திறக்க வேண்டும், ஓர் ஆள் கூடவே ஓடி லிஃப்ட்டைப் பிடித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று, வேலைக்கு வருகிறவர்களின் ஆதார் நகல். காவலர் அறை மேசையில் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடம் கொடுத்த சட்டப் பகுதியை உச்ச நீதிமன்றம் 2018லேயே ரத்து செய்துவிட்டது. அடையாளம் தெரிய வேண்டும் என்றால் முதல் எட்டு எண்கள் மறைந்த ஆதார் போதும், இல்லை வாக்காளர் அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பொதுக்குழு கூட்டும் சங்கங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கேமராவுக்குப் பணம் ஒதுக்கும் முன் எட்டு மணி நேர ஷிஃப்டை ஓட்டுக்கு விடுங்கள். காவலருக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதை நிறுவனத்திடம் மாதாமாதம் கேளுங்கள், அது வராமல் பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். கேட்டுப் பக்கத்திலேயே அவருக்கு ஒரு கழிப்பறையும் கட்டிக் கொடுங்கள். எங்கள் குடியிருப்பில் இன்னும் அது இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சோழிங்கநல்லூர், சென்னை